உள்ளே நிறைய இருக்கு

சவாயி, 25 ஆகஸ்ட் 1991

அன்புத் தங்கை மசினாவுக்கு,

ஊர்க்குழு முழுதும் சுகமாக வந்து சேர்ந்தது. விமானத்தில் பாதிப் பேருக்கு வாந்தி. நான் மட்டும் நீ ஆக்கிப் போட்டதைச் செரித்துக்கொண்டு ஆப்பியா வரை தூங்கினேன். இரண்டு வாரம் உன் வீட்டில் ராஜா மாதிரி இருந்தேன். அதற்கு நன்றி.

நன்றி சொல்லியாகிவிட்டது. இனி மனதில் இருப்பதைச் சொல்கிறேன். நம் தீவுக்கு வந்த படகை விட்டு இறங்கியதும் ஒவ்வொருவருடைய பெட்டியும் கரையில் இறங்கிற்று. ஆக்லாந்தில் இருக்கும் சொந்தக்காரர்கள் வழியனுப்பக் கட்டிக் கொடுத்தவை. டின் மீன் பெட்டிகள், உப்புக்கறிப் பீப்பாய்கள். எனக்கு ஒரு துணிப்பை. அதற்குள் மாப்பிள்ளை கலேபோவின் கம்பளிக் கோட்டு. ஊர்ப் பேச்சாளர் துவாலாவை உனக்குத் தெரியும், ஊர்ச்சபையில் பேச எழுந்தால் உட்கார மாட்டார். எல்லோர் முன்னாலும் கோட்டைத் தூக்கிக் காட்டி, "ஃபெரெட்டி, நம்ம ஊர்ல பனி கொட்டப் போவுதுன்னு உன் தங்கச்சிக்கு யார் சொன்னது?" என்று கேட்டார். கரையே சிரித்தது. உன் அண்ணி லோசா அதை மூலையில் போட்டிருக்கிறாள். கோழி அதில் அடைகாக்கிறது.

உன் மகன் ஆமோசாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். விருந்தாளி சாப்பிடும்போது பிள்ளைகள் விசிறியோடு நின்று ஈ ஓட்டுவது நம் வழக்கம், சரி. அந்தக் குளிரில் ஈ இல்லை, அதுவும் சரி. ஆனால் அவன் விசிறவே இல்லை. நான் எடுக்கும் ஒவ்வொரு வாயையும் பார்த்துக்கொண்டே நின்றான். பலாங்கிப் பள்ளிக்கூடத்தில் வெள்ளைக்கார டீச்சர்கள் இதைத்தான் சொல்லித்தருகிறார்களா? மாப்பிள்ளையோ ஒரு வேளைகூட என்னோடு உட்காரவில்லை. வேலை வேலை என்றாய். மச்சானோடு ஒரு வாய் சாப்பிட முடியாத அப்படி என்ன வேலை?

முதல் நாள் நான் முறைப்படி பாதிக் கோழியைப் பிள்ளைகளுக்கு மீதி வைத்தேன். உனக்குத்தான் முகம் மாறிவிட்டது. "மீதி வெக்காதண்ணா, பாக்கறவங்க இதை இல்லாதப்பட்ட வீடுன்னு நெனைப்பாங்க. பசங்களுக்குத் தனியா இருக்கு. உள்ளே நிறைய இருக்கு" என்றாய். உன் மனம் நோகக் கூடாதே என்று அன்றிலிருந்து தட்டை வழித்துத்தான் எழுந்தேன். ஆளுயரத்துக்கு நின்று உறுமிக்கொண்டிருந்த உன் குளிர்ப்பெட்டியைப் பற்றி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன்.

அதனால்தான் கேட்கிறேன். புத்தாண்டில் நம் போதகரின் புதுக் கோயில் திறப்பு. நம் குடும்பத்தின் பெயரைச் சொல்லி முற்றத்தில் வைக்க இரண்டு பீப்பாய் உப்புக்கறியும் கொஞ்சம் டின் மீனும் அனுப்பு. போன அவமானம் அதோடு போகட்டும்.

உன் அண்ணன்,
ஃபெரெட்டி

ஓட்டாரா, ஆக்லாந்து, 14 செப்டம்பர் 1991

அண்ணா,

கடிதம் வந்தது. போகும்போது உன்னிடம் கொடுக்க வீட்டில் இருந்ததிலேயே நல்ல பொருள் அந்தக் கோட்டு. கோழிக்காவது உதவுகிறதே, சந்தோஷம்.

என் பிள்ளையின் கண்ணைப் பற்றி இனி எழுதாதே. எட்டு வயதுப் பையன் எங்கே பார்க்கிறான் என்று கணக்கெடுக்கவா விருந்துக்கு வந்தாய்? விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். நீ இரண்டு வாரம் இருந்தாய். ஒரு நாளாவது நான் முகம் சுளித்தேனா?

உப்புக்கறி அனுப்ப முடியாது. ஏன் என்று கேட்காதே. இது அந்த ஊர் இல்லை. இங்கே எல்லாவற்றுக்கும் ஒரு முறை இருக்கிறது, அது உனக்குப் புரியாது. எனக்கு நேரமும் இல்லை. புதன்கிழமைகளில் பலாங்கிக் கோயில் ஒன்றின் கூடத்துக்குப் போகிறேன். அங்கே உணவு வங்கி நடக்கிறது, இல்லாதவர்களுக்குப் பைகளில் சாமான் போட்டுக் கொடுப்பார்கள். பாதி நாள் அதிலேயே போய்விடுகிறது.

தொலைபேசி இப்போது இல்லை. எந்நேரமும் அடித்துக்கொண்டே இருக்கிறது என்று எடுத்துவிட்டோம். கடிதம் போடு. லோசா அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

மசினா

சவாயி, 6 அக்டோபர் 1991

மசினா,

உன் கடிதத்தை லோசாவிடம் வாசித்துக் காட்டவில்லை. வெட்கமாக இருந்தது.

உணவுக்கும் வங்கியா? இங்கே உணவு வங்கி என்றால் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சேப்பந்தோட்டம்தான். போட்டவன் எடுப்பான், போடாதவன் அடுத்த வீட்டில் கேட்பான். சரி, அது உங்கள் நாட்டு நாகரிகம். ஆனால் ஒன்று கேட்கிறேன். முன்பின் தெரியாதவனுக்குப் பை பையாகத் தூக்கிக் கொடுக்க உனக்கு வாரத்தில் ஒரு நாள் இருக்கிறது. கூடப் பிறந்தவனுக்கு ஒரு பீப்பாய் இல்லை. ஊருக்கெல்லாம் பந்தி போடுகிறவள் வீட்டில் அண்ணனுக்கு இலை இல்லையாம்.

இரண்டு பீப்பாய் வருகிறது என்று துவாலாவிடம் சொல்லிவிட்டேன். சபையில் நாலு பேர் முன்னால் சொன்ன வார்த்தையை நான் எங்கே போய் விழுங்குவது?

இன்னொரு விஷயம். போன வாரம் போதகரின் மைத்துனி ஆக்லாந்திலிருந்து திரும்பினாள். வந்ததும் வராததுமாக, ஏதோ ஒரு பலாங்கிக் கோயில் வாசலில் உன்னைப் பார்த்தாளாம், வரிசையில் நின்றாயாம், கையில் காலிப் பை இருந்ததாம். தண்ணீர்த் தொட்டி அருகில் பெண்கள் கூட்டத்தில் வைத்துச் சொன்னாள். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. "என் தங்கச்சி அங்க வரிசைய ஒழுங்குபடுத்திட்டு இருந்திருப்பா. ஒனக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சா?" என்று கேட்டுவிட்டேன். அதிலிருந்து போதகர் வீட்டில் என்னோடு பேச்சில்லை.

நான் சொன்னது சரிதானே, மசினா? சரி என்று ஒரு வரி எழுது. மற்றதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஃபெரெட்டி

ஓட்டாரா, 27 அக்டோபர் 1991

அண்ணா,

சரி இல்லை. அவள் பார்த்தது நிஜம். போய் அவளிடம் மன்னிப்புக் கேள்.

நான் அங்கே கொடுக்கப் போகவில்லை, வாங்கப் போகிறேன். நம் கோயில் சபை ஆட்கள் கண்ணில் படக் கூடாதென்று மூன்று பேட்டை தள்ளிப் பலாங்கிகளின் கோயிலுக்கு நடந்து போகிறேன். அங்கேயும் ஊர்க் கண் வந்து சேர்ந்துவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாள் என்பார்கள். சோறே இல்லாதவள் எதில் மறைப்பாள், சொல். இந்த மாதம் பையில் பூசணிக்காய்தான் அண்ணா வருகிறது.

இதையெல்லாம் எழுதவே கூடாது என்று இருந்தேன். உன் கடிதம்தான் எழுத வைத்தது. படி.

கலேபோ வேலை பார்த்த இறைச்சி ஆலையைப் போன வருடமே மூடிவிட்டார்கள். நாளெல்லாம் ஆடு வெட்டிய மனுஷன் வீட்டில் இன்று ஆட்டெலும்பு இல்லை. உதவித்தொகை என்று ஒன்று கொடுத்தார்கள், இந்த ஏப்ரலில் அதையும் வெட்டினார்கள். வீட்டு வாடகை ஒன்றுதான் வெட்டுப்படாமல் வளர்கிறது. எங்கள் தெருமுனை வழியாக இன்றைக்கும் ஆடுகளை அடைத்துக்கொண்டு லாரி போகிறது. வெண்ணெய் கப்பல் கப்பலாய் வெளியே போகிறது. உங்கள் கடையில் விற்கிற கொழுப்பு ஆட்டிறைச்சியும் இங்கேயிருந்து வருவதுதான். எல்லாம் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகின்றன, எங்கள் அடுப்பில் பூனை தூங்குகிறது. இந்த நாட்டில் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை அண்ணா, அதுதான் எனக்கு ஆத்திரம். பஞ்சம் என்றால் எல்லோருக்கும் பஞ்சம் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாமே.

உணவு வங்கியில் மேசைக்குப் பின்னால் ஒரு அம்மா உட்கார்ந்திருப்பாள். கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்தால் திட்டிவிட்டாவது வந்திருப்பேன். "தீவுல இருக்கற சொந்தக்காரங்களுக்கு ஏதாச்சும் அனுப்புறீங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பாள். இல்லை என்பேன். "உங்க கோயிலுக்குக் குடுக்கறீங்களா?" இல்லை என்பேன். அண்ணனுக்கு உப்புக்கறி அனுப்ப வழி தேடுகிறேன் என்று சொன்னால் பையைத் திரும்ப வாங்கிக்கொள்வாள். அங்கே உன்னை இல்லை என்கிறேன், வீட்டுக்கு வந்து உன் வசவை வாசிக்கிறேன்.

இப்போது உன் இரண்டு வாரத்தைச் சொல்கிறேன். முதல் நாள் நீ சாப்பிட்ட கோழி பக்கத்து வீட்டு மாவோரி அக்கா கொடுத்தது. அவள் வீடும் எங்கள் வீடு மாதிரிதான். அடுத்த நாட்கள் நீ சாப்பிட்ட டின் மீன், வங்கிப் பையில் வந்தது. குளிர்ப்பெட்டி உறுமியது உண்மை. அதை நாங்கள் மாதக்கணக்காக அணைத்து வைத்திருந்தோம். நீ வருகிறாய் என்றுதான் போட்டேன், சும்மா உறுமட்டும் என்று. உள்ளே ஒரு தண்ணீர்ப் பாட்டிலும் விளக்கும் இருந்தன. கலேபோ உன்னோடு உட்காரவில்லை என்றாயே, உட்கார்ந்தால் அவர் தட்டிலும் ஏதாவது போட வேண்டுமே. நூலகத்தை மூடும்வரை நாளிதழை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அங்கே சூடு இருக்கும்.

ஆமோசா உன் பக்கத்தில் நின்றான், மற்றப் பிள்ளைகள் திரைக்குப் பின்னால் நின்றார்கள். நம் வழக்கம் அவர்களுக்குத் தெரியும், விருந்தாளி எழுந்ததும் மீதி தங்களுக்கு. முதல் நாள் மீதி வந்தது, சாப்பிட்டார்கள். மறுநாளிலிருந்து வரவில்லை. என் வாயால்தான் வரவில்லை, மறுக்கவில்லை. பெருமைக்கு ஒரு வார்த்தை சொன்னேன். நீ அதைப் பிடித்துக்கொண்டு எலும்பைக்கூட விடவில்லை. ஒரு நாளாவது ஒரு துண்டை மறந்து வைத்துவிட்டு எழுந்திருக்கக் கூடாதா? பெரியவள் லங்கி தம்பிக்குச் சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக் கொடுத்துத் தூங்க வைத்தாள். ஆமோசா உன் தட்டை ஏன் பார்த்தான் என்று இப்போது தெரிகிறதா? மரியாதை தெரியாமல் பார்க்கவில்லை. எவ்வளவு மீதி வரும் என்று பார்த்தான்.

நீ வந்த இரண்டாவது வாரம் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தான். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று டீச்சர் கேட்டிருக்கிறாள். "எங்க மாமா வந்திருக்காரு" என்று சொல்லியிருக்கிறான். அவளுக்கு அது பதிலாகவே படவில்லை. அப்படியா, அப்போ வீட்டில் கொண்டாட்டம்தான் என்று சொல்லித் தன் ரொட்டியில் பாதியைக் கொடுத்தாளாம்.

போதும். பீப்பாய் வராது.

மசினா

சவாயி, 17 நவம்பர் 1991

மசினா,

பல நாள் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் கோபம்தான் வந்தது. முதலில் உன்மேல், அப்புறம் என்மேல், மறுபடி உன்மேல்.

நம் ஊரில் அண்ணனுக்குத் தங்கை கண்ணின் மணி. ஊர்ச்சபையில் எதைப் பங்கு போட்டாலும் முதல் பங்கு தங்கைக்கு. அவளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறவன்தான் அண்ணன். இது உனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே என்னைத் திருடனாக்கிவிட்டாயே. "அண்ணா, இல்லை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் துவாலா தங்கிய வீட்டில் போய்ச் சாப்பிட்டிருப்பேன். மருமகன் வாய்க்குப் போக வேண்டியதைத் தாய்மாமன் தின்றான் என்றால் எந்த ஊரில் அடுக்கும்? எனக்கு இதைச் செய்ய உனக்கு யார் உரிமை கொடுத்தது?

நானும் மடையன்தான். ஒரு தரமாவது அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கலாம். விருந்தாளி அடுப்படிக்குப் போகக் கூடாதே என்று மரியாதையாக உட்கார்ந்திருந்தேன்.

போதகரின் மைத்துனியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு ரொம்பச் சந்தோஷம். சபையில் எழுந்து நின்று பீப்பாய் வராது என்றும் சொல்லிவிட்டேன். "அப்ப ரெண்டு பீப்பாயும் எங்கப்பா?" என்றார் துவாலா. "நான் தின்னுட்டேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொன்னதாக நினைத்துக்கொண்டார்கள்.

கப்பலில் ஒரு மூட்டை சேப்பங்கிழங்கும் கொஞ்சம் கோகோவும் வருகின்றன. தோட்டத்தின் கடற்பக்கம் முழுவதையும் பிடுங்கிவிட்டேன். மலைப்பக்கம் விளைந்ததும் அதையும் அனுப்புவேன். இனி மாதா மாதம் வரும். பிள்ளைகளுக்கு முதலில் கொடு. இது நான் கேட்பது இல்லை, சொல்வது.

ஃபெரெட்டி

ஓட்டாரா, 15 டிசம்பர் 1991

அண்ணா,

உயிரோடு இருக்கிறாயா?

ரேடியோவில் நாலைந்து நாளாகப் புயலைத் தவிர வேறு பேச்சில்லை. சவாயியில் மரம் இல்லை, கூரை இல்லை என்கிறார்கள். யார் பெயரும் சொல்வதில்லை. பக்கத்து வீட்டு அக்கா தன் தொலைபேசியில் நாள் முழுதும் முயற்சி செய்து பார்த்தாள். மணிகூட அடிக்கவில்லை. இந்தக் கடிதம் எப்போது வந்து சேரும், வாங்க ஆள் இருக்கிறதா என்று தெரியாமலே எழுதுகிறேன்.

நீ அனுப்பிய மூட்டை புயலுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. துறைமுகத்தில் கிழங்கில் பூச்சி இருக்கிறது என்று பாதியைக் கொட்டி எரித்துவிட்டார்கள். நான் அந்த ஆளிடம் கெஞ்சினேன், சுட்டால் பூச்சி செத்துவிடும் ஐயா என்றேன். நாட்டின் பயிர்களைக் காப்பாற்ற வேண்டாமா என்று எனக்குப் பாடம் நடத்தினான். மீதிப் பாதியைத் தேங்காய்ப்பாலில் ஆக்கினேன். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தோம். ஆமோசா மட்டும் உட்காரவில்லை. "யாரு முதல்ல சாப்பிடணும்?" என்று கேட்டான். கலேபோதான் அவனைப் பிடித்து உட்கார வைத்தார்.

இங்கே நம் கோயில் சபையில் ஊருக்கு அனுப்பப் பெட்டிகள் சேர்க்கிறார்கள். வீட்டுக்கு ஒரு பெட்டி என்று போதகர் சொன்னார். நானும் கொடுத்திருக்கிறேன். எங்கிருந்து வந்தது என்று கேட்காதே. கிறிஸ்துமஸ் என்று இந்தத் தடவை வங்கியில் பையைக் கொஞ்சம் பெரிதாகவே கொடுத்தார்கள். அந்த அம்மா வழக்கம்போல, தீவுக்கு ஏதாவது அனுப்புகிறீர்களா என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டு, பெட்டியை எங்கே வாங்கலாம் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

உன் பெயரை நானே பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். அங்கே ஊர்ச்சபையில் வைக்காதே, யாருக்கும் பங்கு போடாதே. வீட்டுக்கு எடுத்துப் போ.

மசினா

சவாயி, 2 பிப்ரவரி 1992

மசினா,

உயிரோடு இருக்கிறோம். வீடு இல்லை. புதுக் கோயிலின் கூரை கடலில் கிடக்கிறது, திறப்பு விழாவும் அதோடு முடிந்தது. சீமைப்பலா ஒன்றுகூட நிற்கவில்லை. மலைப்பக்கத்துச் சேம்பு அழுகிவிட்டது. உனக்கு மாதா மாதம் அனுப்புகிறேன் என்று வீரம் பேசினேனே, என் வாய் என்ன வாயோ தெரியவில்லை, எதைச் சொன்னாலும் நடப்பதில்லை.

விழுந்த வாழைக்காயை அவித்துத் தின்றோம். அது தீர்ந்த பிறகு தேங்காய். மழை நிற்காத நாட்களில் என் இரண்டு பிள்ளைகளையும் கலேபோவின் கோட்டுக்குள் போட்டு மூடி வைத்திருந்தோம். கோழியைப் புயல் கொண்டுபோய்விட்டது, கோட்டு தப்பியது. துவாலாவும் ஒரு ராத்திரி அதைக் கடன் கேட்டார். பனியா கொட்டுகிறது என்று கேட்க நாக்கு வரை வந்தது. கேட்காமல் கொடுத்தேன்.

உன் பெட்டி ஜனவரிக் கடைசியில் வந்தது. துவாலா கண் வைத்தார், ஆனாலும் நீ சொன்னபடியே சபையில் வைக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். திறந்து பார்த்தேன். டின் மீன், பயறு, பால்மாவு, பூசணி சூப். ஒவ்வொரு டின்னிலும் விற்பனைக்கு அல்ல என்று முத்திரை. ஒரு டின்னை மடியில் வைத்துக்கொண்டு முத்திரையைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். லோசா, "என்ன, டின்னைத் திறக்கப் போறியா, இல்ல ஜெபம் பண்ணப் போறியா?" என்றாள்.

மீனைச் சூடு பண்ணினோம். பிள்ளைகளை முதலில் உட்காரச் சொன்னேன். அவர்கள் உட்காரவில்லை, பயந்துபோய் என்னையே பார்த்தார்கள். அதட்டித்தான் உட்கார வைக்க வேண்டியிருந்தது. புயலுக்குப் பிறகு இங்கே ஈத் தொல்லை சொல்லி முடியாது. விசிறியை நானே எடுத்தேன். அந்த வழியாகப் போனவர்கள் நின்று பார்த்தார்கள். குடும்பத் தலைவன் ஒருவன் பிள்ளைகளுக்கு ஈ ஓட்டுவதை இந்த ஊர் பார்த்ததில்லை. பார்க்கட்டும் என்று விசிறினேன். பிறகு நானும் லோசாவும் சாப்பிட்டோம். வயிறு நிறையவே சாப்பிட்டோம். பொய் சொல்லவில்லை.

துவாலாவின் மகன் நாளை ஆக்லாந்துக்கு வருகிறான். அவன் கையில் உன் பெட்டியைத் திருப்பிக் கொடுத்து அனுப்புகிறேன். அதில் பாதி அப்படியே இருக்கிறது. லோசா தலையில் அடித்துக்கொண்டாள், புயலில் மூளை கழன்றுவிட்டது என்கிறாள். நீயும் திட்டுவாய். கப்பலில் அரிசி வந்து இறங்கியிருக்கிறது, எங்களுக்கும் பங்கு உண்டு, நாங்கள் சாக மாட்டோம். இங்கே ஊர் முழுக்கப் பசி. அதனால் யாருக்கும் ஒளிக்க வேண்டியதில்லை, கேட்டு வாங்கிக்கொள்கிறோம். உனக்கு அது கிடையாது.

நீ மறுபடி உள்ளே நிறைய இருக்கு என்று சொல்லக் கூடாது. சொன்னாலும் நான் நம்பப் போவதில்லை. பெட்டியை ஆமோசா கையில் கொடு. மாமா சாப்பிட்டு எழுந்துவிட்டார், மீதி உனக்கு என்று சொல்.

ஃபெரெட்டி